தக்காளிப் பேணியும் பல்கர்ச் சோறும்

வவுனியாவில் எங்கள் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் பிள்ளை ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக வேலை செய்கிறாள். எந்த நோயாளிக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று சொல்வதற்கே இப்போது தனியாக ஓர் ஆள் இருக்கிறார் என்பது எனக்கு இன்னும் புதினமாகத்தான் இருக்கிறது. எங்கள் காலத்தில் டொக்டரும் தாதியும் சமையற்காரரும் குசினி வாசலில் நின்று சண்டை பிடித்துத்தான் அதைத் தீர்த்துக்கொள்வோம்.

அந்தப் பிள்ளை ஒருநாள் ஏதோ படிப்புக்காக இரண்டு உணவுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று தகரப் பேணியில் அடைத்த தக்காளி. மற்றது அவித்த பல்கர். பல்கர் என்றால் கோதுமையை அவித்து, காயவைத்து, உடைத்த குறுணல். "அன்ரி, இதிலை எது நல்ல சாப்பாடு எண்டு நினைக்கிறியள்?" என்று விளையாட்டாகக் கேட்டாள். ஆருக்கு என்று சொன்னால் சொல்லுறன் என்றேன். அவள் சிரித்தாள். பிறகு நான் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, இதை எழுதி வையுங்கோ என்று பிடியாய் நின்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தாதி வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளின் முடிவில். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொழும்பில் சில வருடம் கட்டில் விரித்தேன், ஊசி கொதிக்கவைத்தேன், தலைமைத் தாதியான மேற்றனிடம் பேச்சு வாங்கினேன். முடிந்ததும் எல்லாரும் யாழ்ப்பாணத்துக்கு இடம் கேட்க, நான் வன்னிக்குக் கேட்டேன். என் தகப்பனார் தீவுப்பகுதியிலிருந்த எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னியிலுள்ள அக்கராயனில் குடியேற்றக் காணி எடுத்து நெல் விதைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கிட்ட இருக்கலாம் என்பது என் கணக்கு. போட்டது முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். அதன் பெயர் இங்கே தேவையில்லை. அங்கிருந்து அக்கராயனுக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டும், அதுவும் பஸ் வந்தால்.

ஆண்களுக்கு ஒரு வார்ட், பெண்களுக்கு ஒரு வார்ட், பிள்ளைப்பேற்று அறை, மருந்துக் கொட்டில், பின்னால் குசினி. அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. இவையெல்லாவற்றுக்கும் ஒரே டொக்டர், அம்பலவாணர்.

அவரைப் போல ஒரு மேலதிகாரியின் கீழ் நான் பிறகு வேலை செய்யவில்லை. மெலிந்த, உயர்ந்த மனிதர். சைக்கிளில் வருவார். காற்சட்டைக் காலில் கொழுவிய கிளிப்பைக் கழற்ற மறந்து, அதோடேயே வார்ட் முழுவதும் சுற்றுவார். குரல் உயர்த்தியதை நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லப்போகும்போது நாங்கள் எல்லாரும் இரண்டு தரம் யோசிப்போம். ஏனென்றால் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் திரும்பி வரும். "நீர் கண்டனீரோ, கேட்டனீரோ?" நோயாளி இரவு நித்திரை கொள்ளவில்லை என்று சொன்னால் அதற்கும் அந்தக் கேள்வி. கண்டேன் என்றால் எத்தனை தரம் எழும்பினார், எந்தப் பக்கம் சரிந்து படுத்தார் என்று அடுத்தது வரும். கேட்டேன் என்றால், "அப்ப போய்ப் பாத்திட்டு வாரும்" என்பார். அவ்வளவுதான். கோபம் கிடையாது. ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. நோயாளருக்குப் போகிற சாப்பாட்டில் ஒரு கரண்டி தானும் சாப்பிடுவார். காலையில் கஞ்சி, மத்தியானம் சோறு, பிள்ளைகளுக்குக் கரைக்கிற பால்மா, எல்லாவற்றிலும். சமையற்காரர் கந்தையா அண்ணைக்கு இது பெரிய மரியாதைக் குறைவு. "என்ரை சமையலிலை நஞ்சு தேடுறார்" என்று என்னிடம் முறையிடுவார்.

அறுபதுகளில் ஒரு மாரிக்கு மழை விடாமல் பெய்தது. குளங்கள் நிரம்பி வழிந்தன, றோட்டுகள் அறுந்தன. வயல் மூழ்கி, வீடுகளில் அடுக்கி வைத்திருந்த நெல்லும் ஊறி முளைத்துவிட்டது. தோட்டங்களில் ஒரு மரக்கறியும் மிஞ்சவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு உதவிச் சாமான் ஏற்றிய லொறி ஒன்று ஒருவாறு எங்களிடம் வந்து சேர்ந்தது. அதில் அரிசி கொஞ்சம்தான். மீதி முழுவதும் பல்கர் மூட்டையும் பெட்டி பெட்டியாகப் பேணிகளும். பேணிகளில் ஒட்டியிருந்த கடதாசி மழையில் ஊறி உரிந்துபோய், வெறும் தகரமாக மினுங்கின. உள்ளே என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. மீன் என்று கந்தையா அண்ணை பந்தயம் கட்டினார். திறந்தால் தோலுரித்த தக்காளிப்பழம், சிவந்த சாற்றில் மிதந்தது.

அன்றைக்குத்தான் டொக்டர் பல்கர் மூட்டையின் மேல் ஏறி இருந்து எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார். அவித்த பல்கரில் ஒரு கோப்பையும் தக்காளியில் ஒரு கோப்பையும் அருகருகே வைத்தார். இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி சாப்பிட்டார். பல்கர் வயிற்றில் நின்று பிடிக்கும், உடம்புக்குச் சூடும் பலமும் தரும், கொஞ்சம் புரதமும் உண்டு, தவிடு போகாததால் மலமும் இறுகாது என்றார். அதே நிறைத் தக்காளியில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதை மட்டும் சாப்பிட்டு ஒருவர் மண்வெட்டி பிடிக்க முடியாது. ஆனால் பல்கரில் துளியும் இல்லாத வைற்றமின் சீ அதில் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு பழமும் கீரையும் காணாத பிள்ளைகளுக்கு முரசு, அதாவது பல்லீறு, கரைந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு இப்போது தேவை அதுதான். இரும்புச் சத்து இரண்டிலும் கொஞ்சம் உண்டு. பல்கரோடு தக்காளியைச் சேர்த்துச் சாப்பிட்டால் அந்த இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும் என்று புதிதாகப் படித்ததாகவும் சொன்னார்.

"அப்ப ரெண்டையும் ஒண்டாய்க் காய்ச்சச் சொல்லுறியளோ?" என்று கந்தையா அண்ணை கேட்டார்.

"ஓம். ஆனால் ஆக்கள் சாப்பிடுற மாதிரிக் காய்ச்சும்."

அது லேசான வேலையாக இருக்கவில்லை. முதல் நாள் கந்தையா அண்ணை பல்கரை அரிசி மாதிரி நிறையத் தண்ணீர் விட்டுக் காய்ச்ச, சுவருக்குப் பூசுகிற களியாக வந்தது. அடுத்த நாள் தண்ணீரைக் குறைக்க, வார்ட் முழுவதும் மாடு அசைபோடுகிற சத்தம். பல்லுக்கு வேலை கொடுப்பதால்தான் பல்கர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கிழவர் சொல்ல, அந்தப் பகிடி பெண்கள் வார்ட் வரைக்கும் போய்விட்டது. பிறகுதான் அண்ணைக்குக் கை வந்தது. வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதக்கி, பேணித் தக்காளியைக் கொட்டிக் கொதிக்கவைத்து, அதில் பல்கரைப் போட்டு மூடி இறக்கினார். அந்த மணம் மருந்துக் கொட்டில் வரை வந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் குறை சொல்லவில்லை. பிள்ளைகளின் முரசும் மெல்ல மெல்லத் தேறியது.

இந்த நேரத்தில்தான் அலம்பிலிலிருந்து செபமாலை என்ற கடற்றொழிலாளியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். வெள்ளத்துக்குள் நின்று மற்றவர்களின் சாமான் தூக்கிக் கொடுத்து, கால் முழுவதும் சிரங்கு போட்டு ஆறியிருந்தது. அது ஆறிய பிறகு முகம் வீங்கத் தொடங்கி, பிறகு வயிறு, பிறகு கால். வரும்போது கண் திறக்க முடியாமல் இமை பொங்கியிருந்தது. சிறுநீர் கொஞ்சமாக, தேத்தண்ணீர் நிறத்தில் போனது.

அதை நான்தான் சோதித்தேன். சோதனைக் குழாயில் முக்கால்வாசி சிறுநீர் எடுத்து, அடியைப் பிடித்துக்கொண்டு மேற்பகுதியை மட்டும் ஸ்பிரிற் விளக்கில் காட்டவேண்டும். மேலே வெண்புகை மாதிரித் திரளும். வினாகிரி அமிலம் இரண்டு துளி விட்டும் அது கரையாவிட்டால் புரதம் போகிறது என்று அர்த்தம். செபமாலையினுடையது புகையாக நிற்கவில்லை, முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறைந்தது. டொக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு செபமாலையின் கட்டிலில் இருந்துகொண்டு அவருக்கு விளங்கப்படுத்தினார். சிறுநீரகம் என்பது தேத்தண்ணீர் வடிக்கிற வடி மாதிரி, அந்த வடி இப்போது வீங்கி அடைத்துக்கொண்டிருக்கிறது, உப்பு உடம்புக்குள் நின்றால் தண்ணீரும் அதோடு நின்றுவிடும். ஆகவே படுக்கை, அளந்த தண்ணீர், மீன் முட்டை பருப்பு இல்லை, உப்பு ஒரு கல்லும் இல்லை.

"ஐயா, நான் கடலுக்கை சீவிக்கிறவன்" என்றார் செபமாலை, திறக்க முடியாத கண்ணால் சிரித்துக்கொண்டு. "மூச்சு விட்டாலே உப்புத்தான் உள்ளுக்குப் போகும்."

வீக்கத்தை அளக்க நிறை பார்க்கவேண்டும். ஆளை நிறுக்கிற தராசு எங்களிடம் இல்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் நெல் மூட்டை நிறுக்கிற தராசை டொக்டர் கேட்டு வாங்கி வார்ட் வாசலில் போடுவித்தார். ஒவ்வொரு காலையும் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பாட்டுக்கு முன், இடுப்பில் கட்டிய அதே சாரத்தோடு செபமாலை அதில் ஏறி நிற்பார். நான் கல்லை நகர்த்திப் பார்ப்பேன். "இண்டைக்கு எத்தினை புசல், மிஸி?" என்று, நெல் அளக்கிற புசல் கணக்கிலேயே தாதியான என்னைக் கேட்பார். பக்கத்துக் கட்டில்காரர் எல்லாரும் அதற்காகவே எழும்பி இருப்பார்கள்.

உப்பில்லாத கஞ்சியை அவர் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. அதனால் டொக்டர் குசினிக்கு வந்து, பல்கரும் தக்காளியும் இவருக்குப் பொருத்தம் என்று முடிவு செய்தார். புரதம் அளவாக இருக்கும், உப்பு இல்லாவிட்டாலும் தக்காளியின் புளி வாய்க்குப் பிடிக்கும். இவருக்கென்று தனிச் சட்டி வைத்துக் காய்ச்சினோம். செபமாலை கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். பசி வந்துவிட்டது, இனித் தேறிவிடுவார் என்று நாங்களும் சந்தோசப்பட்டோம்.

ஆனால் தராசு வேறு கதை சொன்னது. நிறை குறையவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏறிக்கொண்டே போனது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையிடி என்றார். இரத்த அமுக்கமும் ஏறியது. வலிப்பு வந்துவிடுமோ என்று டொக்டர் பயந்தார். யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவோம் என்றால், அறுந்த பாதையில் வண்டியை ஆட்கள் தூக்கிக் கடத்தவேண்டிய நிலைமை. அந்தக் குலுக்கலை அவர் தாங்கமாட்டார்.

அப்போதுதான் வார்டில் கதை எழும்பியது. செபமாலையின் மனைவி றோசம்மா கருவாடு விற்கிறவர். தினமும் வந்து கட்டிலடியில் இருப்பார். அவர் வாசலுக்கு வரும்போதே கருவாட்டு மணம் முன்னால் வரும். புருசன் கெஞ்சுகிறதைத் தாங்காமல் அவர்தான் ஒளித்துக் கருவாடு கொடுக்கிறார் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் அதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொல்ல, கடைசியில் துண்டின் நீளம் வரைக்கும் சொன்னார்கள். டொக்டரிடம் கதை போனது. அவர் என்னைக் கூப்பிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் காணவில்லை என்றேன். றோசம்மாவின் பையைப் பார்க்கும் வேலை எனக்குத்தான் வந்தது. அதற்குள் தோய்த்த சாரம் ஒன்றும் சீப்பும் செபமாலையும் இருந்தன. நான் சொல்வது ஜெபம் சொல்லுகிற செபமாலை. றோசம்மாவின் புருசனும் வார்டில் இதைச் சொல்லித்தான் பிறகு சிரித்தார்: ஒருத்தி ரெண்டு செபமாலையை வைச்சு மாரடிக்கிறாள் என்று.

அன்று றோசம்மா சிரிக்கவில்லை. பையை நான் திறந்து பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. நேரே டொக்டரின் அறை வாசலில் போய் நின்றார். நானும் பின்னால் போனேன்.

"ஐயா, நான் கருவாடு விக்கிறவள்தான். என்ரை மேலிலை மணக்குது எண்டும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தாளுக்கு நான் ஒரு கல்லு உப்பும் குடுக்கேல்லை" என்றார். "என்னை உள்ளுக்கு விடாதேங்கோ. நான் கேற்றுக்கு வெளியிலை இருக்கிறன். மிஸி தன்ரை கையாலை சாப்பாடு குடுக்கட்டும். வீக்கம் வத்தினால் நான்தான் கள்ளி. வத்தாட்டி?"

டொக்டர் எழுந்து நின்றார்.

"வத்தாட்டி, நாங்கள்" என்றார்.

அப்படியே செய்தோம். செபமாலையைப் பிள்ளைப்பேற்று அறைக்குப் பக்கத்தில் இருந்த தனி அறைக்கு மாற்றினோம். ஆட்கள் போய்வரத் தடை. சாப்பாட்டையும் தண்ணீரையும் நானே அளந்து கொண்டுபோய், அவர் சாப்பிட்டு முடியும் வரை இருந்து, கோப்பையை நானே திருப்பிக் கொண்டுவந்தேன். றோசம்மா வெளியே பூவரச மரத்தின் கீழ் இருந்தார். இருட்டினால் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் படுத்துவிட்டு, விடிய மறுபடி அதே இடத்துக்கு வருவார். தனி அறையில் பொழுது போகாமல் செபமாலைக்குச் சாப்பாட்டு ஆசை கூடிவிட்டது. தக்காளி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்பார். கொடுத்தோம்.

சில நாளாகியும் வீக்கம் வற்றவில்லை. நிறை இன்னும் ஏறியிருந்தது. தராசில் ஏறவே அவரை இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் புசல் கணக்குக் கேட்கவில்லை.

டொக்டர் தராசுக்குப் பக்கத்தில் நின்று, "உப்பு எங்கடை கையாலைதான் போகுது" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என்னையும் கந்தையா அண்ணையையும் மருந்து கலக்கும் மீரான் நானாவையும் கூப்பிட்டார்.

கந்தையா அண்ணை குசினியில் நின்று சூடம் கொளுத்திச் சத்தியம் செய்யத் தயாராகிவிட்டார். சத்தியம் வேண்டாம், உப்புச் சிரட்டையை என் அறையில் கொண்டுவந்து வையும் என்றார் டொக்டர். அடுத்து எல்லாருடைய சந்தேகமும் கிணற்றில் விழுந்தது. கடல் கிட்ட இருக்கிறது, வெள்ளத்தோடு உவர் ஏறியிருக்கலாம். எப்படிப் பார்ப்பது? மீரான் நானாதான் வழி சொன்னார். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் இருந்தால் போதும். தெளிந்த நீரில் அதை ஒரு துளி விட்டால் ஒன்றும் நடக்காது. உப்பு இருந்தால் பால் மாதிரி வெளுக்கும். உப்பு எவ்வளவுக்கு இருக்கிறதோ அவ்வளவுக்கு வெளுப்பும் தடிக்கும்.

அது என்னிடம் இருந்தது. பிறந்த பிள்ளைகளின் கண்ணில் விடுவதற்கு அந்தக் கரைசலைத்தான் கறுத்தப் போத்தலில் வைத்திருப்போம். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மருந்துக் கொட்டிலின் மேசையில் நானா சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்தினார். முதலாவதில் காய்ச்சி வடித்த நீர். துளி விழுந்தது, தெளிவாகவே நின்றது. இரண்டாவதில் கிணற்றுத் தண்ணீர். கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல், அவ்வளவுதான். மூன்றாவதில் செபமாலையின் பல்கரை அவித்த தண்ணீர். அதே மங்கல். கந்தையா அண்ணை பெருமூச்சு விட்டார்.

தக்காளிச் சாறு சிவப்பாக இருந்ததால் லேசில் பார்க்க முடியவில்லை. நானா அதைப் பஞ்சில் ஒருமுறையும் வடிதாளில் ஒருமுறையும் வடித்தார். காய்ச்சி வடித்த நீரை விட்டு நன்றாக ஐதாக்கி, நைத்திரிக் அமிலம் ஒரு துளி சேர்த்தார். இப்போது குழாயில் இளம் மஞ்சளாக ஒரு நீர். நான் வெள்ளி நைத்திரேற்றை விட்டேன்.

தயிர் திரைந்ததுபோல வெள்ளையாகக் கட்டிபட்டு அடியில் இறங்கியது.

டொக்டர் புதிய பேணி ஒன்றை உடைப்பித்து, தன் கையாலேயே முதலிலிருந்து செய்தார். அதே வெள்ளை. தக்காளியிலேயே இயற்கையாக அப்படி இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். நானாவின் வீட்டு வேலியோரம் வெள்ளத்துக்குத் தப்பிய ஒரு தக்காளிச் செடி நின்றது. அதில் இருந்த ஒரே பழத்தை மனைவியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தார். அதையும் அதே மாதிரி வடித்துப் பார்த்தோம். கிணற்றுத் தண்ணீர் அளவு மங்கல்தான். அப்படியென்றால் பேணியில் அடைக்கும்போது உப்புச் சேர்த்திருக்கிறார்கள். கெடாமல் இருக்கவும் ருசிக்காகவும் சேர்ப்பது வழக்கமாம். கடதாசி உரியாமல் இருந்திருந்தால் அதில் எழுதியிருந்திருக்கும்.

டொக்டர் பேணிக்குள் கரண்டியை விட்டு ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். எனக்கும் தந்தார். புளிதான் தெரிந்தது. தெரிந்துகொண்டு தேடினால்தான் புளிக்குப் பின்னால் உப்பு நின்றது.

"ஒவ்வொரு நாளும் ருசி பாத்தனான்" என்றார். "புளி மூடிப்போட்டுது."

சொல்லிவிட்டு எழுந்து நேரே கேற்றுக்கு நடந்தார். காலில் சைக்கிள் கிளிப் இருந்தது. றோசம்மா அவரைக் கண்டதும் செய்தி கெட்டதென்று நினைத்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். றோட்டில் நின்ற ஆட்களும், மருந்துக்கு வந்த ஆட்களும், கதை கட்டின ஆட்களும் சுற்றிவர நின்றார்கள். டொக்டர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"தங்கச்சி, உப்புப் போட்டது நாங்கள்தான். நாங்கள் குடுத்த தக்காளியிலை இருந்தது. உம்மிலை ஒரு பிழையும் இல்லை. மன்னிச்சுக் கொள்ளும்."

அந்தக் காலத்தில் ஒரு டொக்டர், கருவாடு விற்கிற ஒரு பெண்ணிடம், றோட்டில் நின்று இப்படிச் சொல்வதை நான் கேள்விப்பட்டதும் இல்லை. றோசம்மா சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"அது கிடக்கட்டும் ஐயா" என்றார். "தக்காளியும் இல்லையெண்டால் அந்தாள் இனி என்னத்தைச் சாப்பிடும்?"

அதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. தக்காளி இல்லாத, உப்பில்லாத பல்கரைச் செபமாலை வாயில் வைத்துவிட்டு, இதைவிடச் சாகலாம் மிஸி என்றார். றோசம்மாவைக் குசினிக்குள் விடச்சொன்னார் டொக்டர். கந்தையா அண்ணை முதலில் முறைத்தார், பிறகு ஒதுங்கி இடம் கொடுத்தார். றோசம்மா பல்கரை வெறும் சட்டியில் மணம் வர வறுத்தார். தேங்காய்ப்பால் விட்டு அவித்து, பனங்கட்டியைச் சீவிப் போட்டு இறக்கினார். சர்க்கரைப் பொங்கல் மாதிரி வந்த அந்தப் புக்கைக்கு ஆர் உப்புத் தேடுவது? இரவுக்கு வேறு மாதிரி. எங்கோ தேடி வாங்கிய பச்சைமிளகாயையும் வெங்காயத்தையும் குறுக வெட்டி, தேசிக்காய்ப் புளி பிழிந்து, அவித்த பல்கரோடு பிசைந்தார். டொக்டர் வழக்கம்போல ஒரு கரண்டி எடுத்தார். பிறகு ஒன்றுக்கு மேல் எடுத்ததைக் கந்தையா அண்ணை எனக்குக் கண்ணால் காட்டினார்.

சில நாள் ஒன்றும் மாறவில்லை. நாங்கள் தராசையும் போத்தலையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு காலையில் வார்ட் ஊழியர் ஒருவர், சிறுநீர் அளக்கிற போத்தலைக் கோயில் கும்பம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். நிறைந்திருந்தது. நிறம் கூடத் தெளிந்திருந்தது. செபமாலை இரண்டாவது போத்தல் கேட்கிறார் என்றார். ஒரு மனிதர் சிறுநீர் கழித்ததற்காக ஓர் ஆஸ்பத்திரியே சந்தோசப்பட்டதை வெளியாட்களுக்குச் சொன்னால் விளங்காது. மீரான் நானா எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகு தராசுக்கல் ஒவ்வொரு நாளும் பின்னால் வந்தது. முதலில் கண் திறந்தது. பிறகு கணுக்கால் எலும்பு வெளியே வந்தது. செபமாலை மறுபடி புசல் கணக்குக் கேட்கத் தொடங்கினார். நாங்கள் கண்ட செபமாலை தடித்த உருண்டை மனிதர். வீக்கம் முழுவதும் வற்றியதும், கூர்மூக்கும் ஒட்டிய கன்னமுமாக வேறொரு ஆள் அந்தக் கட்டிலில் இருந்தார். எனக்கு அந்நியமாக இருந்தது. ஆனால் அலம்பிலிலிருந்து வந்த அவருடைய சின்ன மகள், இத்தனை நாளும் கிட்டப் போகப் பயந்து வாசலிலேயே நின்றவள், அன்றைக்குத்தான் ஓடிப்போய் மடியில் ஏறினாள்.

மிஞ்சிய தக்காளிப் பேணிகளை டொக்டர் எறியவிடவில்லை. பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் அது தொடர்ந்து போனது. வீக்கக்காரருக்கும் இரத்த அமுக்கக்காரருக்கும் மட்டும் நிறுத்தினோம். புதிதாகக் குசினிக்கு வருகிற எந்தப் பேணியும் முதலில் நானாவின் மேசைக்குப் போகவேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தது. நான் பிறகு வேலை செய்த பெரிய ஆஸ்பத்திரிகளில் அப்படி ஒரு வழக்கம் இருக்கவில்லை. அங்கெல்லாம் நான் கேட்டுத் தொல்லை கொடுத்திருக்கிறேன்.

டொக்டர் அம்பலவாணர் மாற்றலாகிப் போனார். நானும் வவுனியாவுக்கு மாற்றம் கேட்டிருந்தேன். போவதற்கு முன், அலம்பில் கோயில் திருநாளுக்கு வரவேண்டும் என்று றோசம்மா ஆள் அனுப்பியிருந்தார். போனேன். வீட்டுக்கு வெளியே, பாயிலும் பந்தலிலும், கண்ணுக்கெட்டிய தூரம் உப்பில் ஊறிய மீன் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே எனக்கும் செபமாலைக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டு, சோறும் பாரைமீன் குழம்பும் வைத்தார் றோசம்மா. என் இலைக்கு மட்டும் பக்கத்தில் ஒரு சின்னச் சிரட்டையில் உப்பு இருந்தது.

குழம்பை வாயில் வைத்ததும் விளங்கிவிட்டது. ஒரு கல்லு உப்பும் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் அதையே ஒரு குறையும் இல்லாமல் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டொக்டர் இன்னும் உப்பை நிறுத்தித்தான் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"ஐயா போகேக்கையே, இனி அளவாய்ப் போடலாம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்" என்றார் செபமாலை. "இவதான் விடுறாவில்லை. எனக்கு மட்டும் இல்லாமல் காய்ச்சினால் நான் களவாய்த் தொடுவன் எண்டு, முழுக் குடும்பத்துக்கும் நிப்பாட்டிப்போட்டா."

றோசம்மா அகப்பையோடு குசினி வாசலில் நின்றார். இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டுவிட்டு உள்ளே போனார்.

அவருடைய முதுகு மறைந்ததும் செபமாலை அந்தச் சிரட்டையை என் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"நீங்கள் எண்டாலும் போடுங்கோ, மிஸி" என்றார். "நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

நான் இரண்டு விரலால் கிள்ளிப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். அவர் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்.